படித்துச் சரிபார்த்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவைப் பதிப்பில், நம் பகுதிப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிய நிரல் மாற்றம், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்ததைப் பற்றிப் படத்துடன் செய்தி போட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்துபோனது. அந்தத் தம்பிக்கு என் வாழ்த்துகள். அந்தச் செய்தியில் ஒரு விஷயம் மட்டும் விடுபட்டிருந்தது. அவர் எழுதியதை யாரோ ஒருவர் வரி வரியாகப் படித்து, சந்தேகம் கேட்டு, திருத்தச் சொல்லி, "இது சரி" என்று தன் பெயரைப் போட்டிருப்பார். அப்படி ஒருவர் படிக்காமல் அந்த மாற்றம் உள்ளே போயிருக்காது. அந்த வேலையைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல்லடத்துக்காரி. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டே பி.இ. படித்தேன். இப்போது ஆட்டோலூம்களில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து தரும் பட்டறையில் இருக்கிறேன். தறி எத்தனை பிக் ஓடியது (ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவது ஒரு பிக்), எத்தனை முறை நின்றது, நின்றது பாவு அறுந்தா ஊடை அறுந்தா என்று அந்தப் பெட்டி கணக்கெடுத்து, கேபிள் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் அதன் கெர்னல்தான். அந்தக் கெர்னலில் பாதிக்கு மேல் டிரைவர்கள். நம் ஊரில் டிரைவர் என்றதும் லாரிதான் ஞாபகம் வரும். இங்கே டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட சிப்பிடம் எப்படிப் பேசுவது என்று கெர்னலுக்குச் சொல்லித் தரும் நிரல். நெட்வொர்க் சிப்புக்கு ஒரு டிரைவர், கேமராவுக்கு ஒரு டிரைவர். உலகத்தில் எத்தனை வகைச் சிப் இருக்கிறதோ அத்தனை டிரைவர் வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், டிரைவர் மட்டும் அங்கேயே இருக்கும். அதில் தப்பு இருந்தால் பல்லடத்தில் ஒரு தறிக் குடோனில் கூலி தகராறாக வந்து நிற்கும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

24 ரேப்பியர் தறி ஓடும் ஒரு குடோனில் எங்கள் பெட்டிகள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பெட்டி பேச்சை நிறுத்திவிடும். கேபிள் மாட்டும் இடத்தில் பச்சை விளக்கு எரியும், ஆனால் தகவல் வராது. கரண்டை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அதற்குள் நினைவகத்தில் தேங்கிய பிக் கணக்கு போய்விடும். கூலி பிக் கணக்கில்தான். ஒடிசாவில் இருந்து வந்து வேலை செய்யும் பையன் ஒருவனுக்கு ஒரு ராத்திரி ஷிப்டில் 3 மணி நேரக் கணக்கு காணாமல் போனது. அவன் ஓட்டியது உண்மை. காட்ட ஆதாரம் இல்லை. தறிக்காரர் காலையில் போனில், "அம்மணி, உங்க பொட்டி மறுபடியும் செத்துப் போச்சுங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?" என்றார். "அண்ணா, ரெண்டு நாள் கொடுங்க" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாசம் ஓடியது.

முதலில் பஞ்சுத் தூசி என்று நினைத்தோம். சாக்கெட் எல்லாம் துடைத்தோம். எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தோம். கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினோம். அப்புறம்தான் நின்ற நேரங்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் காலை 8 மணிக்கு அல்லது ராத்திரி 8 மணிக்கு ஒட்டி. அது ஷிப்டு மாறும் நேரம். பெட்டிகள் முழு ஷிப்டின் அறிக்கையை மொத்தமாக அனுப்பும் நேரம். செத்துப்போன பெட்டி ஒன்றை அணைக்காமல் அதன் கெர்னல் பதிவைப் பார்த்தபோது, ட்ரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட் என்று ஒரு வரி கிடந்தது. அனுப்பும் வரிசை நின்று பல நொடிகள் ஆகியும் நகரவில்லை என்று கெர்னலின் காவல் கடிகாரம் எழுதிவைக்கும் புகார் அது. நல்ல டிரைவராக இருந்தால் அந்தப் புகார் வந்ததும் சிப்பைத் திருப்பித் தொடங்கிவிடும். எங்கள் சிப்பின் டிரைவர் புகாரை அச்சடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதே டிரைவருக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருப்பதைப் பார்த்தேன். மொத்தம் 11 வரி. லினக்ஸில் யார் எந்த மாற்றத்தை அனுப்பினாலும் அது பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். கோவிலில் விளக்குப் போடுவது மாதிரி யாருக்கும் தடை கிடையாது. லினக்ஸின் நெட்வொர்க் பிரிவின் வழிகாட்டிக் குறிப்பே, அனுபவம் எவ்வளவு இருந்தாலும் சரி, மற்றவர் மாற்றங்களைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது.

எங்கள் பட்டறையில் அப்போது காங்கயம் பக்கத்தில் இருந்து இறுதியாண்டு மாணவி ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று சாயங்காலம் அந்த 11 வரியைப் படித்தோம். 11 வரிக்கு மூன்று நாளா என்று கேட்பீர்கள். மாற்றம் 11 வரிதான். அது சரியா என்று பார்க்க அதைச் சுற்றி இருக்கும் 900 வரியும் தெரிய வேண்டும்.

அந்தப் பழுது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் இதில் அழகான இடம். வெளியே போக வேண்டிய தகவல் பொட்டலங்களை, அதாவது பாக்கெட்டுகளை, டிரைவர் ஒரு வட்ட வரிசையில் அடுக்கும். ரிங் என்பார்கள். எங்கள் பெட்டியில் ரிங்குக்கு 64 இடம். ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்தில் 64 வண்டி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்வாசலில் ஒரு காவலர், வெளிவாசலில் ஒரு காவலர். வளாகம் நிறைந்துவிட்டால் உள்வாசல்காரர் குறுக்கே சங்கிலி மாட்டுவார். வண்டி வெளியே போகும்போதெல்லாம் வெளிவாசல்காரர் திரும்பிப் பார்ப்பார். சங்கிலி மாட்டியிருந்தால், "எடம் இருக்குது, எடுத்து உடு" என்று குரல் கொடுப்பார். மாட்டவில்லை என்றால் தன் வேலையைப் பார்ப்பார். சரியான ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். ஆனால் உள்வாசல்காரர் "நிறைந்துவிட்டது" என்று பார்த்துவிட்டுச் சங்கிலியை மாட்டக் குனிகிறார். அந்த நொடியில் நின்ற வண்டி எல்லாம் வெளியே போய்விடுகிறது. வெளிவாசல்காரர் திரும்பிப் பார்க்கிறார், சங்கிலி இல்லை, பேசாமல் இருந்துவிடுகிறார். அதற்கப்புறம் இவர் சங்கிலியை மாட்டுகிறார். வளாகம் காலி, சங்கிலி பூட்டு. இனி வெளியே போக வண்டியும் இல்லை, குரல் வரவும் வழி இல்லை. எங்கள் பெட்டி செத்தது இப்படித்தான். இரண்டு காவலர் என்றது பெட்டியின் ப்ராசஸரில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரண்டு கோர்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசை நிறைவதால்தான் 8 மணிக்கு நடந்தது.

அந்த வெளிநாட்டுக்காரர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். சங்கிலியை மாட்டிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார், இடம் இருந்தால் நீயே எடுத்துவிடு என்பதுதான் அவருடைய மருந்து. 24 மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

இங்கேதான் அம்மா சொன்னது எனக்கு உதவியது. சின்ன வயசில் விடுமுறை நாளில் அம்மாவோடு கம்பெனிக்குப் போவேன். ட்யூப்லைட்டுக்கு அடியில் நீளமான மேஜை. பீஸ் கைக்கு வந்ததும் அம்மா முதலில் அதை உள்பக்கமாகத் திருப்பிப்போடுவார். "வெளிப்பக்கம் எல்லாரும் பாத்துத்தான் தைப்பாங்க கண்ணு. உள்பக்கந்தான் உண்மையச் சொல்லும்" என்பார். தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஆல்ட்ரேஷனுக்குத் தள்ளிவிடுவார். நானும் ஒரு மாற்றத்தைப் படிக்கும்போது நல்லபடி ஓடும் பாதையைக் கடைசியில்தான் பார்ப்பேன். இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், பாதியில் தோற்றால் முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறதா, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன்.

அப்படிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. ப்ராசஸர் வேகத்துக்காக ஒரு தந்திரம் செய்யும். எழுத வேண்டியதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் படிக்கிற வேலையை முன்னால் முடித்துவிடும். சங்கிலியை மாட்டிவிட்டேன் என்று காவலர் நினைத்திருப்பார், அது அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே திரும்பி வளாகத்தைப் பார்த்து முடித்திருப்பார். அப்படி நடந்தால் திரும்பிப் பார்த்தும் பயன் இல்லை. இதைத் தடுக்க மெமரி பேரியர் என்று ஒன்று உண்டு. முன்னால் உள்ளது முடியாமல் பின்னால் உள்ளதைத் தொடாதே என்கிற கட்டளை. திருத்தத்தில் உள்வாசல் பக்கம் அது இருந்தது. வெளிவாசல் பக்கம் இல்லை. அங்கேயும் இதே கதைதான்: "வண்டி போய்விட்டது" என்று எழுத வேண்டும், அப்புறம் சங்கிலியைப் பார்க்க வேண்டும். அந்த வரிசை மாறினால் பழைய பழுது அப்படியே இருக்கும், எப்போதாவது ஒருமுறை மட்டும் வரும். இரண்டு வாசலிலும் பேரியர் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். மேஜைக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் ப்ராசஸர்கள் பொதுவாக வரிசையை மதிப்பவை என்பார்கள், ஆனால் எழுதிவிட்டுப் படிக்கும் இந்த ஒரு இடத்தில் அவையும் மாற்றும்.

இரண்டாவது தப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்த மாணவிதான் கண்டுபிடித்தார். திரும்பிப் பார்க்கும்போது ஒரு இடம் காலியாக இருந்தாலும் சங்கிலியை எடுத்துவிடலாம் என்று திருத்தத்தில் எழுதியிருந்தது. "அக்கா, ஒரு எடம் இருந்தாப் போதுமுங்களா? ஒரு பாக்கெட்டுக்கு ஒரு எடந்தானுங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். பெரிய பாக்கெட் துண்டுகளாக வரும். கெர்னலின் வழக்கமான அமைப்பில் 17 துண்டு வரை வரலாம், முதல் பகுதியோடு 18 இடம். ஒரு இடத்தை நம்பிக் கதவைத் திறந்தால் அடுத்த பாக்கெட் இடம் இல்லாமல் இடித்துக்கொண்டு நிற்கும். நான் மூன்று முறை படித்த வரி அது. என் கண்ணில் படவில்லை. முதல்முறை டிரைவர் படிக்கிறவருக்குப் பட்டது.

எழுதியவருக்குப் பதில் எழுதினோம். அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, 24 மணி நேரம் நன்றாக ஓடியதே என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் பெட்டிகளில் 6-இல் அவருடைய முதல் வடிவத்தை ஏற்றி 5 நாள் ஓட்டினோம், எங்களுக்கும் நிற்கவில்லை. ஓட்டிப் பார்த்தால் தெரியாத தப்பு, படித்தால் தெரிந்தது. கோபப்படாமல் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் ஒரு கோர், வலது பக்கம் இன்னொரு கோர், எது எப்போது நடந்தால் சிக்கும் என்று 6 படியாக எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில், புரிந்தது, நன்றி என்று பதில் வந்தது. அதற்கடுத்த அரை மணியில் இரண்டாம் வடிவமும் வந்தது. நெட்வொர்க் பிரிவில் ஒரு வடிவத்தை அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் அடுத்ததை அனுப்பக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்களும் படிக்க நேரம் வேண்டும் என்பதற்காக. எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். முதல் வடிவம் போய்ப் பல நாள் ஆனதால் அவர் அதை மீறவில்லை. ஆனாலும் அவசரத்தில் பேரியரை வெளிவாசல் பக்கம் சேர்த்திருந்தார், "வண்டி போய்விட்டது" என்று எழுதும் வரிக்கு முன்னால். பின்னால் இருக்க வேண்டும். மறுபடி எழுதினோம். மூன்றாம் வடிவம் சரியாக இருந்தது.

அப்போது நெட்வொர்க் பிரிவைக் கவனிக்கும் மூத்தவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நிறுத்து, திரும்பிப் பார், எழுப்பு என்ற இந்த வேலையை டிரைவருக்கு டிரைவர் பார்த்துப் பார்த்துக் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் 2023-இல் எல்லோருக்கும் பொதுவாக மேக்ரோக்களை, அதாவது பெயர் சொல்லி எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் துண்டுகளை, எழுதிக் கெர்னலிலேயே வைத்துவிட்டார்கள். அதை ஏன் பயன்படுத்தவில்லை என்பது கேள்வி. பழைய கெர்னல்களில் அந்த மேக்ரோ இல்லை, பெட்டிகள் ஓடுவதோ பழைய கெர்னலில், முதலில் சின்னத் திருத்தம் போகட்டும் என்று எழுதியவர் பதில் சொன்னார். நெட்வொர்க் பிரிவில் பழுது நீக்கத்துக்கு ஒரு தொகுப்பு, புது வேலைக்கு இன்னொரு தொகுப்பு என்று தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். மேக்ரோவுக்கு மாற்றுவதைப் புது வேலைத் தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

காப்பி அடிப்பதில் என்ன ஆபத்து என்று அந்த மாணவிக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த உதாரணம் 2003-இல் வெளிவந்த ஈதர்லீக் என்ற பழுது. கேபிள் வழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் சரிபார்ப்பு எண்ணோடு சேர்த்துக் குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும், சரிபார்ப்பு எண்ணின் 4 பைட்டைக் கழித்தால் 60. அடுத்த கம்ப்யூட்டரின் முகவரியை விசாரிக்கும் ஏஆர்பி பாக்கெட் 42 பைட்தான். மீதி 18 பைட்டைச் சுழியால் நிரப்ப வேண்டும். பல டிரைவர்களில் ஒரே தப்பு: நிரப்பாமல், நீளத்தை மட்டும் 60 என்று சொல்லிவிட்டன. அந்த 18 பைட்டில் நினைவகத்தில் அந்த நேரம் கிடந்தது எதுவோ அது வெளியே போனது. யாரோ அதற்கு முன்னால் அனுப்பிய தகவலின் துண்டாகக்கூட இருக்கலாம். எல்லாம் பிழை காட்டாமல் கம்பைல் ஆனவை, எல்லாம் ஓடியவை, நெட்வொர்க்கும் வேலை செய்தது. "அக்கா, ஓடுதுல்லங்க, அப்புறம் என்னங்கன்னு இனி கேக்க மாட்டேனுங்க" என்றார் அந்தப் பெண்.

கடைசியில் மூன்றாம் வடிவத்துக்கு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் ரிவ்யூட்-பை வரி கொடுத்தோம். இந்த வரியைச் சும்மா போட்டுவிட முடியாது. இதைத் தொழில்நுட்ப ரீதியாகப் படித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், சொன்னதற்குச் சரியான பதில் கிடைத்தது, எனக்குத் தெரிந்தவரை இது சேர்க்கத் தக்கது என்று அதற்கு அர்த்தம் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது மாதிரி. எழுதியவர் போடும் சைன்டு-ஆஃப்-பை வரி 2004-இல் வந்தது. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அவர் சொல்லும் உறுதி அது. அந்தப் பெண் தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ரொம்ப நேரம் யோசித்தார். முன்னால்தான் போட்டார், ரேஷன் கார்டில் இருப்பதுபோல. 6 பெட்டியில் 9 நாள், 18 ஷிப்டு மாற்றம் ஓட்டிப் பார்த்துவிட்டு டெஸ்டட்-பை வரியும் கொடுத்தோம். திருத்தம் எதையும் ஏற்றுவதற்கு முந்தைய 9 நாளில் அதே 6 பெட்டி நான்கு முறை நின்றிருந்தது.

சரி, இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்தப் பெண் இதையே தன் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகக் கொடுத்தார். முதல் வடிவம், எங்கள் கேள்விகள், இரண்டாம் வடிவம், மறுபடி கேள்வி, மூன்றாம் வடிவம், 9 நாள் பதிவு எல்லாவற்றையும் அச்சடித்துக் கட்டி எடுத்துப் போனார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீ எழுதினது எத்தனை வரி?" என்று கேட்டிருக்கிறார். "நான் எழுதலைங்க சார். அவர் எழுதினதுல ரெண்டு தப்பு இருந்துச்சுங்க. அதுல ஒண்ணை நான் கண்டுபிடிச்சேனுங்க." "அப்ப உன்னோட ப்ராஜெக்ட் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டார். அந்த வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்களில் ஒன்று அவருக்கு.

எந்தக் கல்லூரி என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை. தேர்வாளரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அவர் கையில் கொடுத்த மதிப்பெண் படிவத்தில் "எழுதிய நிரல்" என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், "படித்துத் திருத்திய நிரல்" என்று கட்டம் இருந்திருக்காது. ஆனால் இதை ஏற்கவும் முடியவில்லை. காந்திபுரம் பக்கம் போனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை அறிக்கையோடு சேர்த்து விலைக்குத் தருகிறார்கள் என்பது நம் பகுதியில் பிள்ளை படிக்கவைத்த எல்லோருக்கும் தெரியும். அதில் ஆயிரக்கணக்கான வரி இருக்கும். வாங்கியவரிடம் நடுவில் ஒரு வரியைக் காட்டி, இது தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வராது. அதற்கு மதிப்பெண் கிடைக்கிறது. 18 இடம் வேண்டிய இடத்தில் 1 என்று எழுதியிருப்பதைப் பிடித்தவருக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு பக்க நிரலைக் கொடுத்து, இதில் எங்கே உடையும் என்று கேட்கிறோம். எழுதச் சொன்னால் எழுதிவிடும் பிள்ளைகள்கூட அந்தத் தாளைப் பார்த்துத் திகைக்கிறார்கள். நான்கு வருஷத்தில் அடுத்தவர் எழுதியதை உட்கார்ந்து படிக்கும்படி யாரும் சொன்னதில்லை என்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரிடம் கேட்டால் அதுவே நிரலை எழுதிக் கொட்டுகிறது. அதையும் யாராவது உள்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். லினக்ஸில் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள். எழுத ஆள் குறைவில்லை. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

நம் பகுதிக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக என் கோரிக்கை இதுதான். பொதுவில் இருக்கும் ஒரு நிரல் மாற்றத்தைப் படித்து, குறை கண்டு, எழுதியவரோடு பேசி, சரியாகும்வரை கூடவே போவதை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். நடந்த உரையாடல் முழுவதும் தேதியோடு பொதுவில் இருக்கும், விலைக்கு வாங்க முடியாது. இதற்கு ஆய்வகமும் வேண்டாம், லேப்டாப் போதும். ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிழை, காலி இடம், வரி நீளம் என்று மேம்போக்காகக் குறை சொல்லிப் பெயர் சேர்க்க மட்டும் மாணவர்களை அனுப்பிவிடாதீர்கள். அது எழுதியவருக்கும் தொந்தரவு, கவனிப்பவர்களுக்கும் தொந்தரவு. நெட்வொர்க் பிரிவின் குறிப்பும் அதையே கேட்டுக்கொள்கிறது. ஒரு மாணவர் ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு டிரைவரைப் படித்து ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்டால்கூடப் போதும்.

எங்கள் பட்டறையில் பழைய போர்டுகள் நான்கைந்து சும்மா இருக்கின்றன. ஆர்வமுள்ள மாணவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து அவற்றில் ஓட்டிப் பார்க்கலாம், நானும் கூட உட்காருகிறேன். உங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் விவரம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இதைத் தட்டச்சு செய்வதற்கு முன்னால் படித்துக் காட்டினேன், தேர்வாளர் கேட்ட இடம் வந்ததும், "செக்கிங்ல உக்காந்தவளையும் அப்படித்தான் கேப்பாங்க, நீ எத்தன பீஸ் தச்சேன்னு" என்றார்.

அடுத்த முறை நம் ஊர்ப் பிள்ளை யாருடைய மாற்றமாவது லினக்ஸில் சேர்ந்தது என்று செய்தி வந்தால், உங்கள் நிருபரை அந்த மாற்றத்துக்குக் கீழே இருக்கும் வரிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிவ்யூட்-பை என்று ஒரு பெயர் இருக்கும். படத்துக்குக் கீழே அந்தப் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பல்லடம்.